மூன்று கூற்றுகளும் ஓர் அட்டவணையும்

கேள்வி: வணிக மேலாண்மைப் படிப்பில் சேர்வதற்காக ஜிமேட் தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். கணிதப் பகுதியும் மொழித்திறன் பகுதியும் ஓரளவு கைவந்துவிட்டன. தரவுகளைப் படித்து முடிவு காணச் சொல்லும் டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் வரும் அட்டவணைக் கேள்விகளில்தான் தடுமாறுகிறேன்: ஓர் அட்டவணையைத் தந்து, அதைப் பற்றிய மூன்று கூற்றுகள் ஒவ்வொன்றுக்கும் விடை குறிக்கச் சொல்கிறார்கள். அட்டவணை முழுவதையும் படித்து, ஒவ்வொரு நெடுவரிசையையும் ஏறுவரிசையில் அடுக்கிப் பார்த்த பிறகே கூற்றுகளுக்கு வருகிறேன். ஒரு கேள்விக்கு நான்கு நிமிடங்களுக்கு மேல் ஆகிறது. அப்படியும் மூன்று கூற்றுகளில் இரண்டுதான் சரியாக அமைகின்றன. வேகமாகக் கணக்கிடப் பழக வேண்டுமா, அல்லது இந்தக் கேள்விகளை விட்டுவிடுவதே நல்லதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: விட்டுவிடக் கூடாது. 2012 ஜூனில் இந்த வகைக் கேள்விகள் தேர்வில் சேர்க்கப்பட்டபோது அவற்றுக்கு 1 முதல் 8 வரை தனி மதிப்பெண் தரப்பட்டது. அது மொத்த மதிப்பெண்ணில் சேரவில்லை. ஆகவே அந்தப் பகுதியைப் பெரிதாக எண்ண வேண்டாம் என்ற அறிவுரை அக்காலத்தில் பரவலாக இருந்தது. பழைய மாணவர்கள் சிலர் இன்றும் அதையே சொல்லக் கேட்கலாம். 2023 நவம்பரில் அறிமுகமான புதிய வடிவத்தில் நிலைமை மாறிவிட்டது. கணிதம், மொழித்திறன், டேட்டா இன்சைட்ஸ் ஆகிய மூன்று பகுதிகளும் 205 முதல் 805 வரையிலான மொத்த மதிப்பெண்ணில் சம எடை பெறுகின்றன. மேலும், விடையளிக்காமல் விட்ட கேள்விகளுக்கு மதிப்பெண் குறைக்கப்படும் என்பதால், தெரியாத கேள்விக்கும் ஏதேனும் ஒரு விடையைக் குறித்துவிட்டு நகர்வதே முறை.

உங்கள் சிக்கல் கணக்கிடும் வேகத்தில் இல்லை. இந்தப் பகுதியில் திரையிலேயே கால்குலேட்டர் தருகிறார்கள். கணக்கு வேகம் மட்டுமே போதுமானால் அதைக் கொடுத்திருக்க மாட்டார்கள். நேரம் எங்கே போகிறது என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது. என்ன தேடுகிறோம் என்று தெரியாமலே நீங்கள் அட்டவணைக்குள் நுழைகிறீர்கள். பதினைந்து வரிசைகளும் ஆறு நெடுவரிசைகளும் இருந்தால் தொண்ணூறு எண்கள். அவற்றில் மூன்று கூற்றுகளுக்கும் சேர்த்து உங்களுக்குத் தேவைப்படுபவை பெரும்பாலும் மிகச் சிலவே.

ஆகவே படிக்கும் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில், அட்டவணையோடு தரப்படும் சிறு விளக்கத்தையும் நெடுவரிசைத் தலைப்புகளையும் மட்டும் படியுங்கள். அலகு என்ன, விழுக்காடு என்றால் எதனுடைய விழுக்காடு என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். எண்களைத் தொடாதீர்கள். அடுத்து, கூற்றுகளுக்கு மேலே உள்ள வினாவைப் படியுங்கள். ‘உண்மையா, பொய்யா’ என்று கேட்பதும், ‘அட்டவணையிலிருந்து உறுதியாகப் பெற முடியுமா, முடியாதா’ என்று கேட்பதும் ஒன்றல்ல. அதன் பிறகு ஒவ்வொரு கூற்றையும் படிக்கும்போது, ‘இதைத் தீர்த்துவைக்க எந்த நெடுவரிசை வேண்டும், அதை அடுக்க வேண்டுமா’ என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை கிடைத்த பின்புதான் அட்டவணைக்கு மேலே உள்ள அடுக்கும் வசதியைத் தொட வேண்டும்.

ஒரு சிறிய மாதிரியை எடுத்துக்கொள்வோம். ஏழு ஆலைகளின் இந்த ஆண்டு விவரம் இது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் எண் உற்பத்தி, டன்னில். இரண்டாவது, முந்தைய ஆண்டைவிட உற்பத்தியில் ஏற்பட்ட மாற்றம், விழுக்காட்டில். மூன்றாவது, உற்பத்தியில் ஏற்றுமதியான பங்கு, விழுக்காட்டில்.

அ: 480 | +20 | 25
ஆ: 900 | −10 | 40
இ: 330 | +10 | 60
ஈ: 760 | −5 | 15
உ: 1,260 | +12 | 32
ஊ: 610 | +22 | 50
எ: 540 | −8 | 35

வினா: கீழுள்ள ஒவ்வொரு கூற்றும் உண்மை என்று அட்டவணையிலிருந்து உறுதியாகப் பெற முடியுமா?

முதல் கூற்று: ‘உற்பத்தியில் இடைநிலை அளவைக் கொண்ட ஆலை தன் உற்பத்தியில் 40 விழுக்காட்டுக்கும் மேல் ஏற்றுமதி செய்கிறது.’ இடைநிலை என்ற சொல்லைக் கண்டதும் கை தானாக அடுக்கும் வசதிக்குப் போக வேண்டும். உற்பத்தியின்படி அடுக்கினால் ஏழில் நான்காவது வரிசையில் 610 டன்னுடன் ஊ நிற்கிறது. அதன் ஏற்றுமதிப் பங்கு 50 விழுக்காடு. முடியும். கணக்கே தேவைப்படவில்லை. வீச்சு (மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் உள்ள வேறுபாடு), மிகப் பெரியது, மிகச் சிறியது, ‘இத்தனைக்கு மேல் உள்ளவை எத்தனை’ என்ற வகைக் கூற்றுகளும் இப்படியே ஒரே அடுக்கில் தீர்ந்துவிடும்.

இரண்டாவது கூற்று: ‘டன் கணக்கில் மிக அதிகமாக உற்பத்தியை உயர்த்திய ஆலை ஊ.’ இது பொறி. மாற்றம் என்ற நெடுவரிசையை அடுக்கினால் ஊ கடைசியில் வந்து நின்று, நம்மை ‘முடியும்’ என்று சொல்லத் தூண்டும். ஆனால் கேட்டது டன்; அடுக்கியதோ விழுக்காடு. ஊ ஆலையின் முந்தைய ஆண்டு உற்பத்தி 500 டன், ஆகவே உயர்வு 110 டன். உ ஆலைக்கோ 12 விழுக்காடுதான். எனினும் அதன் முந்தைய உற்பத்தி 1,125 டன் என்பதால் உயர்வு 135 டன். முடியாது. இங்கும் கால்குலேட்டரைத் திறக்க வேண்டியதில்லை. ஆயிரத்து நூறுக்கு 12 விழுக்காடு என்றாலே 130க்கு மேல் என்பது தெரிந்துவிடுகிறது. ஊ ஆலையோடு ஒப்பிட வேண்டியது அளவில் பெரியதாகவும் வளர்ச்சி கொண்டதாகவும் உள்ள உ ஒன்றையே என்று கண்டுகொள்வதுதான் இந்தக் கூற்றில் உள்ள உண்மையான வேலை.

மூன்றாவது கூற்று: ‘ஆ ஆலையின் ஏற்றுமதி, டன் கணக்கில், முந்தைய ஆண்டைவிடக் குறைந்துள்ளது.’ உங்களுக்குக் கைநழுவும் அந்த ஒரு கூற்று பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்ததாக இருக்கும் என்பது என் ஊகம். உற்பத்தி 10 விழுக்காடு குறைந்திருக்கிறது. ஏற்றுமதியும் குறைந்திருக்கும் என்று மனம் சட்டென்று முடிவு கட்டிவிடுகிறது. இந்த ஆண்டு ஏற்றுமதி 900இல் 40 விழுக்காடு, அதாவது 360 டன். முந்தைய ஆண்டு உற்பத்தி 1,000 டன். ஆனால் அதில் எத்தனை விழுக்காடு ஏற்றுமதியானது என்று அட்டவணை எங்கும் சொல்லவில்லை. 50 விழுக்காடாக இருந்திருந்தால் 500இலிருந்து 360ஆகக் குறைந்திருக்கிறது. 30 விழுக்காடாக இருந்திருந்தால் 300இலிருந்து 360ஆக உயர்ந்திருக்கிறது. ஆகவே விடை ‘முடியாது’. கூற்று பொய் என்று நாம் நிறுவவில்லை. உண்மை என்று உறுதிப்படுத்தத் தரவு போதவில்லை, அவ்வளவுதான். உறுதியாகப் பெற முடியுமா என்று கேட்கும் வினாக்களில், பொய்யான கூற்றும் தீர்மானிக்க முடியாத கூற்றும் ஒரே பெட்டிக்குள்தான் விழும். இதை மறந்து, தீர்மானிக்க முடியாததைத் தீர்மானிக்க முயன்றே பலர் ஒன்றரை நிமிடத்தை இழக்கிறார்கள்.

இன்னும் இரண்டு வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நெடுவரிசைகளுக்கு இடையே நேர் ஒட்டுறவு உள்ளதா, அதாவது ஒன்று ஏறும்போது மற்றதும் ஏறுகிறதா என்று கேட்டால், ஒன்றை அடுக்கிவிட்டு மற்றதன் மேல் கண்ணை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். எண்கள் பொதுவாக ஏறிக்கொண்டே போனால் போதும், ஓரிரு விலகல்கள் ஒட்டுறவை அழித்துவிடா. தரவரிசை எண்கள் கொண்ட நெடுவரிசையில் சற்று எச்சரிக்கை தேவை: அங்கே 1 என்பது சிறிய எண், ஆனால் அது முதலிடத்தைக் குறிக்கிறது. அடுக்கும்போது எது மேலே வருகிறது என்பதில் நானே ஒருமுறை தலைகீழாக எண்ணி, முழுக் கேள்வியையும் பறிகொடுத்திருக்கிறேன்.

‘முழுக் கேள்வியையும்’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மூன்று கூற்றுகளும் சரியாக அமைந்தால்தான் மதிப்பெண். இரண்டு சரி என்பதற்குப் பகுதி மதிப்பெண் கிடையாது. இந்த விதி கடுமையானதாகத் தோன்றினாலும், நேரத்தை எங்கே செலவிடுவது என்று அதுவே நமக்குச் சொல்கிறது. இரண்டு கூற்றுகளை உறுதியாகத் தீர்த்துவிட்டு மூன்றாவதில் சிக்கிக்கொண்டால், ஊகித்தாலும் சரியாக அமைய இரண்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. முதல் கூற்றிலேயே முடங்கிப்போய் மற்ற இரண்டையும் அவசரத்தில் ஊகித்தால் அது நான்கில் ஒன்றாகச் சுருங்கிவிடும். ஆகவே கூற்றுகளைத் தந்த வரிசையில்தான் தீர்க்க வேண்டும் என்றில்லை. ஒரே அடுக்கில் தீரக்கூடியதை முதலில் முடித்துவிட்டு, கணக்கு வேண்டியதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஒரே நெடுவரிசையை அடுக்க வேண்டிய இரண்டு கூற்றுகள் இருந்தால் அவற்றைச் சேர்த்தே பார்த்துவிடலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, 45 நிமிடங்களில் 20 கேள்விகள் என்றால் ஒரு கேள்விக்குச் சராசரியாக 2 நிமிடம் 15 நொடி கிடைக்கிறது. அட்டவணைக் கேள்விக்கு மூன்று நிமிடம் வரை தரலாம்; அந்தக் கூடுதல் நேரத்தைத் தரவுப் போதுமைக் கேள்விகளில் (விடை காணத் தந்த தரவு போதுமா என்று மட்டும் கேட்பவை) மீட்டுக்கொள்ள முடியும். மூன்று நிமிடம் கடந்தும் தீரவில்லை என்றால் விடையைக் குறித்துவிட்டு, அந்தக் கேள்விக்கு அடையாளமிட்டு நகர்ந்துவிடுங்கள். பகுதியின் முடிவில் நேரம் மிஞ்சினால் மூன்று விடைகள் வரை மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு. ஆனால் அந்த மூன்றில் ஒன்றை இதற்குச் செலவிடுவதற்கு முன், மீதமிருக்கும் நேரத்தில் அட்டவணையை மறுபடியும் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். நானாக இருந்தால் குறுகிய கேள்வி ஒன்றுக்குத்தான் திரும்பிப் போவேன்.

பயிற்சியைப் பற்றி ஒரு வார்த்தை. அச்சிட்ட புத்தகத்தில் உள்ள அட்டவணை அசையாது. அதில் பழகுபவர்கள் அடுக்கும் வசதியைத் தேர்வறையில்தான் முதன்முதலாகத் தொடுகிறார்கள். தேர்வை நடத்தும் அமைப்பு தன் இணையதளத்தில் இரண்டு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. அவற்றை இப்போதே செலவழித்துவிடாமல், முதலில் ஏதேனும் ஒரு விரிதாள் மென்பொருளில் பத்துப் பதினைந்து வரிசைகள் கொண்ட அட்டவணை ஒன்றை இட்டு, நீங்களே மூன்று கூற்றுகளை எழுதிப் பாருங்கள்: ஒன்று உண்மையாக, ஒன்று விழுக்காட்டுப் பொறியாக, ஒன்று தீர்மானிக்க முடியாததாக. மூன்றாவது வகையை எழுதுவதுதான் கடினமாக இருக்கும். அதில் நாலைந்து எழுதிவிட்ட பிறகு முதல் மாதிரித் தேர்வுக்குப் போங்கள்.