சீட்டு மேசைக்கு வெளியே தோற்பவர்கள்

கேள்வி: என் தம்பி மென்பொருள் வேலையை விட்டுவிட்டுப் போக்கர் என்ற சீட்டாட்டத்தையே தொழிலாக்கிக்கொண்டு, அடிக்கடி கோவா கேசினோக்களுக்குப் போகிறான். நன்றாக ஆடுவதாகச் சொல்கிறான். ஆனால் கையில் காசு தங்குவதில்லை. ஏன்?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: சகோதரி, உங்கள் தம்பி பொய் சொல்லாமலும் இருக்கலாம். போக்கரில் சக ஆட்டக்காரர்களைத் திறமையால் வெல்ல முடியும். ஆனால் அதே கூடத்தில், பந்து எந்த எண்ணில் நிற்கும் என்று பந்தயம் கட்டச் சுழலும் ரூலெட் சக்கரம் எவருடைய திறமைக்கும் கட்டுப்படாது. இரவெல்லாம் பொறுமையாகச் சேர்த்த, பணத்துக்கு ஈடான சில்லுகளை, விடியற்காலையில் வெளியே வரும் வழியில் அங்கே கொட்டிவிட்டு வருபவர்கள் பலர். உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை 1980, 1981, 1997 ஆகிய ஆண்டுகளில் வென்ற அமெரிக்க ஆட்டக்காரர் ஸ்டூ உங்கர், சூதாட்டப் பந்தயங்களிலும் போதையிலும் அனைத்தையும் இழந்து, 1998 நவம்பரில், 45 வயதில், லாஸ் வேகாஸ் விடுதி அறையொன்றில் இறந்து கிடந்தார். சீட்டில் அவரை மிஞ்ச ஆளில்லை என்றே சக ஆட்டக்காரர்கள் கருதினார்கள் என்பதை நினைக்கையில் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இணையத்தில் பணம் வைத்து ஆடுவதை 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆகவே கேசினோவுக்கு நேரில் போய் ஆட வேண்டியிருப்பதால், பயணமும் குடியும் தூக்கமின்மையும் உங்கள் தம்பிக்குக் கூடியிருக்கும். திட்டாதீர்கள். வரவு செலவுக் கணக்கு நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஒழுங்காக ஆடுபவர்கள் ஒவ்வோர் ஆட்டத்தையும் எழுதி வைப்பார்கள். நோட்டே இல்லையென்றால், கடனும் இருந்தால், உங்கள் ஊரிலேயே உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். நீங்களும் உடன் போங்கள்.