மிக்மாக் மக்களின் மரியாதைப் பாடல் என்றால் என்ன, எப்படிக் கற்பது?
கனடாவின் கிழக்குக் கரையில் வாழும் மிக்மாக் பழங்குடியினர் கூடும் இடங்களில் பறை அடித்துப் பாடும் பாடல் இது. முதலில் பறையைத் தொடாதீர்கள், சொல் வாயில் படியட்டும். சொல் தடுமாறினால் அடியும் தடுமாறும்.

தொடக்கச் சொல் 'கெப்மிடேடம்னெஜ்'. பொருள்: மதிப்போம். 'நாம்' என்று தனிச்சொல் இல்லை. நம் 'மதிப்போம்' என்பதில் 'ஓம்' செய்யும் வேலையை அங்கே 'னெஜ்' செய்கிறது. ஈற்றை விழுங்கினால் பொருளும் போய்விடும்.

ரோமன் எழுத்தில்தான் எழுதுகிறார்கள். 'பகல்' என்பதில் ககரம் மெலிவதுபோல, உயிர்களுக்கு நடுவே வரும் வல்லினம் அங்கேயும் மெலியும். உயிரெழுத்தின் பின் வரும் மேற்கோள்குறி நெடிலைக் குறிக்கும். அதை விட்டுவிட்டுக் குறிலாகப் பாடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

பல நூற்றாண்டுப் பழமையான பாடல் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மிக்மாக் மூத்தவர் ஜார்ஜ் பால் 1980களில் தந்தது.