சைக்கிள் கேள்வி–பதில்: டியூபில் பாம்புக் கடி

கேள்வி: முதல்முறையாக மலைக்காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டினேன். வழி நெடுக பாறையும் வேரும்தான். பின்சக்கரம் இரண்டு தடவை பஞ்சர். முள் எதுவும் இல்லை. ஆனால் டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை. டியூப் மட்டமானதா?

பதில்: பாவம், டியூப்மேல் பழி போடாதீர்கள். இதற்குப் பாம்புக் கடி என்றே பெயர். டயர் பாறை விளிம்பில் இடித்து நசுங்கும்போது, டியூப் பாறைக்கும் ரிம்முக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. ரிம்முக்கு இரண்டு விளிம்பு, அதனால் இரண்டு பல் பதிந்த மாதிரி இரண்டு ஓட்டை.

"காற்றைக் குறைத்தால் மெத்தென்று போகும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். டியூப் இல்லாத டயருக்கு அது சரி. அதில் கடிபட டியூபே இல்லை. முள் குத்தினாலும் உள்ளே ஊற்றியிருக்கும் திரவம் சிறு ஓட்டையை அடைத்துவிடும். டியூப் போட்ட சக்கரத்தில் அவ்வளவு இறக்கக் கூடாது. அதிலும் பின்சக்கரத்துக்கு முன்னதைவிட இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) கூடுதலாக வையுங்கள், உங்கள் எடையில் பெரும்பங்கு அங்கேதான் இறங்குகிறது.

சீட்டில் உட்கார்ந்தபடியே பாறையில் ஏறினீர்களா? நானும் அப்படித்தான் கடி வாங்கினேன். டியூபைக் கழற்றி மேலுதட்டின் அருகே மெதுவாக நகர்த்தினேன். காற்று சில்லென்று பட்ட இடத்தில் உப்புத்தாள் தேய்த்து, பசை தடவி, ஒட்டுப் போட்டு, பெருமையாக மாட்டி, கை வலிக்கக் காற்றடித்தேன். எழுந்து நின்றால் மறுபடி 'புஸ்'. பக்கத்திலேயே இருந்த இரண்டாவது ஓட்டையை நான் தேடவே இல்லை! இப்போதெல்லாம் பாறை வந்தால் பெடல் இரண்டையும் மட்டமாக வைத்து எழுந்து நின்று, முழங்கையையும் முழங்காலையும் தளர்வாக மடக்கிக்கொள்கிறேன். சீட்டைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் இது சுலபம்.

கேள்வி: இறக்கத்தில் பிரேக்கிலிருந்து தீய்ந்த வாடை வருகிறதே?

பதில்: பிரேக்கைப் பிடித்தபடியே இறங்குகிறீர்கள். நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு முழுசாக விடுங்கள், ஆறட்டும். ஹைட்ராலிக் பிரேக்கில் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது) லீவர் தொளதொளவென்று உள்ளே போனால் நிறுத்திவிடுங்கள். சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க்கை மட்டும் தொட்டுப் பார்க்காதீர்கள், என் விரலுக்கு அந்த அனுபவம் உண்டு.

இந்த வாடைக்கு ஒரு வரலாறே இருக்கிறது. கலிபோர்னியாவில் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்து மலைச்சரிவில் 1976-ல் ஒரு சைக்கிள் பந்தயம் தொடங்கியது. அந்த சைக்கிள்களில், பெடலைப் பின்னால் மிதித்தால் சக்கரத்தின் நடுவே பிடிக்கிற பழைய ஹப் பிரேக். அடிவாரம் வருவதற்குள் உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாக அடைக்க வேண்டியிருந்ததால் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர். 1996 அட்லாண்டாவில் மலை சைக்கிள் ஒலிம்பிக்கிலேயே சேர்ந்துவிட்டது.

கேள்வி: பாதி வழி இறங்கித் தள்ளினேன். அசிங்கமா?

பதில்: போன தடவை எத்தனை முறை இறங்கினேன் என்று நான் எண்ணவே இல்லை. ஆனால் சரிவின் குறுக்கே போகும் பாதையில் எப்போதும் மேட்டுப் பக்கமாகவே இறங்குங்கள். பள்ளப் பக்கம் காலை நீட்டினால், தரை நீங்கள் நினைத்த இடத்தில் இருக்காது.