அப்பாவின் வீட்டைத் தீக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: என் அப்பா 1970களில் மருத்துவராக அமெரிக்கா வந்து, ஓஹையோவில் ஒரு சிற்றூரில் பழைய மரவீடு ஒன்றை வாங்கினார். நானும் தம்பியும் அங்கேதான் வளர்ந்தோம். சமையலறைக் கதவு நிலையில் எங்கள் உயரத்தை அப்பா குறித்த பென்சில் கோடுகள் இன்னும் இருக்கின்றன. அப்பா போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கூரை ஒழுகுகிறது, தரை இற்றுவிட்டது. இடிக்கலாம் என்றிருந்தோம். அதற்குள் ஊர்த் தீயணைப்புத் துறையினர், வீரர்களுக்குப் பயிற்சி தர வீட்டை எரிக்கக் கொடுப்பீர்களா என்று கேட்கிறார்கள். வரியில் பெரிய தொகை கழியும் என்கிறான் தம்பி. "குடியிருந்த வீட்டுக்குக் கொள்ளி வைப்பார்களா?" என்கிறார் அம்மா. நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கொலம்பஸ்

பதில்: முதலில் தம்பியின் கணக்கை முடித்துவிடுவோம், அது சுலபம். விஸ்கான்சினில் ஒரு தம்பதி 1998இல் தங்கள் ஏரிக்கரை வீட்டை இப்படி எரிக்கக் கொடுத்துவிட்டு, 76,000 டாலர் நன்கொடை என்று கணக்குக் காட்டினார்கள். 2010இல் வரி நீதிமன்றத்தில் தோற்றார்கள், 2012இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். எரிப்பதற்கென்றே கொடுத்த வீட்டுக்குச் சந்தையில் என்ன விலை? அதைவிட இடிக்கும் கூலி மிச்சமானதுதான் பெரிது என்றது நீதிமன்றம். வர்ஜீனியா வழக்கு ஒன்றில், அதே 2012இல், மண்ணை வைத்துக்கொண்டு வீட்டை மட்டும் எரிக்கத் தருவது வரிச்சலுகைக்கு உரிய நன்கொடையே அல்ல என்று தீர்ப்பானது. வரிக்காகக் கொடுப்பதாக இருந்தால், கொடுக்கவே வேண்டாம்.

இடிக்கும் செலவும் முழுக்க மிஞ்சாது. எரிப்பதற்கு முன்பு ஆஸ்பெஸ்டாஸ் (நுரையீரலைக் கெடுக்கும் கனிம நார்) இருக்கிறதா என்று ஆய்வு செய்ய வேண்டும். இருந்தால் பழைய வினைல் தரை ஓடு, குழாய்மேல் சுற்றிய உறை எதுவானாலும் அதற்கென்று உரிமம் பெற்றவர்கள் வந்து அகற்ற வேண்டும். குளிர் தாங்குவதற்காகப் பரணில் மினுமினுக்கும் வெர்மிகுலைட் என்ற கனிமத் துகள் கொட்டியிருந்தால், அதிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம், நீங்கள் கை வைக்காதீர்கள். மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் அனுமதி வேண்டும். மின்சாரம், எரிவாயு இணைப்புகளைத் துண்டித்து, காப்பீட்டை ரத்துசெய்த கடிதமும் வீடு உங்களுடையதுதான் என்பதற்கான பத்திரமும் காட்ட வேண்டும். எரிந்தபின் மிஞ்சும் சாம்பல், இரும்பு, அடித்தளக் குழி பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். யார் அள்ளுவது, யார் நிரப்புவது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு தொல்லைக்குப் பிறகும் கொடுங்கள் என்றே சொல்வேன். காரணம், நான் ஒருமுறை நேரில் பார்த்தது. ஒரு படுக்கையறையில் வைக்கோலையும் மரச்சட்டங்களையும் அடுக்கிக் கொளுத்தினார்கள். ஒரு சொட்டு பெட்ரோல்கூட ஊற்றவில்லை, ஊற்றவும் கூடாது. புகை கூரையிலிருந்து ஒரு கறுப்புத் தட்டி போல மெல்ல இறங்கியது. முழங்காலுக்குக் கீழேதான் எதுவும் தெரிந்தது. நான்கு பேர் குழாயோடு தவழ்ந்து உள்ளே போனார்கள். சிறிது நேரத்தில் ஜன்னல் வழியாக வெள்ளை நீராவி சீறியது. வெளியே வந்தவர்களில் ஒரு பையனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அடுத்த அறைக்கும் அதே வேலை. மாலையில்தான் வீட்டை முழுதாக எரியவிட்டார்கள். அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். உங்கள் ஊர் போன்ற சிற்றூர்களில் அவர்களைத்தான் நம்ப வேண்டும். அவர்களுக்கு நிஜ வீடு ஒன்று பழகக் கிடைப்பது அபூர்வம்.

பயிற்சியிலேயே ஆள் இறந்ததும் உண்டு. 1982இல் கொலராடோவின் போல்டரில் இருவர் இப்படிப் பலியான பிறகுதான், 1986இல் இதற்கென்றே தேசியத் தர விதிகள் வந்தன. ஆகவே உங்கள் தீயணைப்புத் தலைவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: பாதுகாப்பு அதிகாரி யார்? தண்ணீருக்கு இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் உண்டா? காயம்பட்டவர் போல் நடிக்க உள்ளே யாரையாவது படுக்க வைப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்று பதில் வந்தால் வீட்டைக் கொடுக்காதீர்கள்.

இனி அம்மா. அவர் பேசுவது சாஸ்திரம் என்று நினைத்துப் பதில் தேடாதீர்கள். கணவரைத் தீயில் விட்டு வந்து மூன்று ஆண்டுகளே ஆனவரிடம் இன்னொரு தீயைப் பற்றிப் பேசுகிறீர்கள். நம் ஊரிலும் பழைய வீட்டை அப்படியே தரைமட்டமாக்குவதில்லை. நிலை, கதவு, தூண், உத்தரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துக்கொண்டுதான் சுவரில் கடப்பாரை போடுவார்கள். காரைக்குடியில் அப்படிக் கழற்றியவற்றை விற்கும் கடைகளே இருக்கின்றன. அம்மாவை ஒரு நாள் அந்த வீட்டுக்கு அழைத்துப்போய், எதை எடுக்க வேண்டும் என்று அவரையே சொல்ல விடுங்கள். அதன் பிறகும் மறுத்தால் விட்டுவிடுங்கள். எரிக்காமலே, புகை இயந்திரம் வைத்து, சிக்கியவர்களைத் தேடவும், கதவை உடைக்கவும், கூரையை வெட்டவும் அவர்கள் அங்கே பழகலாம். பிறகு இயந்திரம் வந்து இடிக்கட்டும். சம்மதித்தாலும், எரிக்கும் நாளில் அவரை அங்கே நிறுத்தாதீர்கள்.

அந்தச் சமையலறை நிலையை மட்டும் தீயணைப்புத் துறையினர் வீட்டைப் பார்வையிட வருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். சுவரில் விழும் ஓட்டையை அடைத்த பிறகுதான் அவர்கள் தீ மூட்ட முடியும். 1978க்கு முந்தைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம், அதனால் சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம். தச்சரிடம் சொல்லி முழுச் சட்டமாகப் பெயர்த்தெடுங்கள். தேய்த்தால் பென்சில் கோடுகளும் போய்விடும்.