சுருக்கமா, திரட்டா?

கேள்வி: திருகோணமலை மீது பாடப்பட்ட பாடல்களிலிருந்து சிலவற்றைத் தெரிந்தெடுத்து 64 பக்கத்தில் நூலாக்குகிறோம். அகராதியில் தொகுப்பு, திரட்டு, சுருக்கம் மூன்றும் ஒன்றாகவே கிடக்கின்றன. அட்டையில் 'கோணமலைப் பாடற் சுருக்கம்' என்று போடலாமா? - வாசகர், திருகோணமலை

பதில்: போடாதீர்கள். சம்பந்தரின் கோணமலைப் பதிகத்தை முழுதாக அச்சிடப்போகிறீர்கள்; ஓரடியையும் வெட்டவில்லை. பிறகு எதைச் சுருக்கினீர்கள்? விரிந்த பொருளைத் தம் சொற்களில் குறைத்து எழுதினால்தான் அது சுருக்கம். நாவலரின் 'இலக்கணச் சுருக்கம்' அப்படிப்பட்டது.

அகராதியை மட்டும் குறை சொல்வதற்கில்லை. தொல்காப்பிய மரபியல் 'தொகுத்தல் விரித்தல்' என்று எதிரெதிரே வைக்கிறது; அங்கே தொகுத்தல் என்றால் சுருக்குதல். எட்டுத்தொகையிலோ அதே வினைக்குச் சேர்த்தல் என்று பொருள். குறுந்தொகையைச் 'சின்னத் தொகுப்பு' என்று மேடையில் விளக்குவோரும் உண்டு. அகநானூற்றைப் போல அதிலும் நானூறு பாட்டு. பெரும்பாலும் 4 முதல் 8 அடி என்பதால், குறுகியது பாட்டே.

உங்களுக்குப் பொருந்துவது 'திரட்டு'. தயிரைக் கடைந்தால் வெண்ணெய் திரளும், மோர் தாழியில் நிற்கும். எடுத்ததும் விட்டதும் இரண்டும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. 'தொகுப்பு' என்று போட்டால், ஊர்ப் பாடல் எல்லாம் இருக்குமென்று நம்பி வாங்கியவர் விடுபட்டதைத் தேடி உங்களைப் பிடிப்பார். 'களஞ்சியம்' வேண்டவே வேண்டாம். 64 பக்கத்துக்கு அது பெரிய வீடு.

பெயரைவிட முக்கியமானது ஒன்று. ஒவ்வொரு பாட்டின் அடியிலும் அது வந்த நூலின் பெயரைப் போடுங்கள். 1938இல் வையாபுரிப்பிள்ளை பதிப்பித்த பழைய பாடல் திரட்டான புறத்திரட்டில் அப்படி இருந்ததால்தான், மறைந்துபோன தகடூர் யாத்திரையின் பாட்டு எது, ஆசிரியமாலையின் பாட்டு எது என்று இன்று பிரித்தறிய முடிகிறது. 'தேவாரம்' என்று மட்டும் போட்டால் போதாது: மூன்றாம் திருமுறை என்பதும் வேண்டும்.

எழுத்திலும் கவனம். 'பாடல் திரட்டு' என்று இடைவெளி விட்டு எழுதலாம், சேர்த்தால் 'பாடற்றிரட்டு'. 'பாடல்த்திரட்டு' என்று அச்சுக்கோப்பவர் தருவதை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

காசு கொடுத்தவரையும் 'தொகுப்பாசிரியர்' ஆக்குவது இப்போதைய வழக்கம். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார், தொகுப்பித்தவர் சேர மன்னர். உங்கள் புரவலரையும் 'தொகுப்பித்தவர்' என்றே போடுங்கள். மன்னர் வரிசையில் நிற்பதற்கு அவர் கோபிக்கமாட்டார்.