எல்லாம் சேர்த்துத்தான் மேடம்!

பரீட்சை நெருங்கிவிட்டது என்பது, நுகர்வோர் கேள்வி-பதில் எழுதும் எனக்கு வரும் கடிதங்களிலேயே தெரிந்துவிடும். போன மாதம் முழுக்க கிரைண்டர், இன்வெர்ட்டர் என்று வந்தது. இந்த மாதம் பாதிக்கு மேல் தீவு, கடற்கரை, ரிசார்ட்.

கேள்வி: நாங்கள் மதுரை திருநகர். நான், கணவர், 12 வயது மகன், 7 வயது மகள். மே மாதம் மாலத்தீவு போக ஒரு டிராவல்ஸில் விசாரித்தோம். மூன்று இரவு, நான்கு பகல். பெரியவர்களுக்குத் தலைக்கு 78,000 ரூபாய், மகனுக்கும் அதே ரேட், மகளுக்கு 55,000. "எல்லாம் சேர்த்துத்தான் மேடம்" என்கிறார். இன்றைக்குள் 50,000 முன்பணம் கட்டினால்தான் இந்த விலையாம். அவர் வாட்ஸப்பில் அனுப்பிய தாளை இணைத்திருக்கிறேன். கட்டலாமா?
— பெயர் வேண்டாம் என்ற ஆசிரியை

பதில்: இன்றைக்குக் கட்டாதீர்கள், டீச்சர். அவர் வாயால் சொன்னதும் தாளில் எழுதியிருப்பதும் ஒத்துப்போகவில்லை. மொத்தம் 2,89,000 ரூபாய்க்கான தாளில் என் கண்ணில் பட்டவை நான்கு.

முதலாவது, "ஹாஃப் போர்டு". காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் மட்டும் என்று அர்த்தம். மதியம் உங்கள் செலவு. மாலத்தீவில் பெரும்பாலும் ஒரு ரிசார்ட் என்றால் ஒரு தீவு. டவுன்ஹால் ரோட்டில் தங்கினால், ஹோட்டல் சாப்பாடு பிடிக்காதபோது எதிர்க்கடையில் நாலு இட்லியைப் போட்டுக்கொள்ளலாம். அங்கே எதிர்க்கடை இருக்க வேண்டிய இடத்தில் கடல் இருக்கும். மெனுவில் ஒரு சாப்பாடு 20 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதற்கும் மேல் சுற்றுலா ஜி.எஸ்.டி. 17 சதவீதம் (2025 ஜூலையில் 16-லிருந்து ஏற்றினார்கள்). பில்லில் 25 டாலர் 74 சென்ட் என்று வந்து நிற்கும். நாலு பேர், மூன்று மதியம், 300 டாலர் தாண்டிவிட்டது. இன்னும் ஜூஸ் கேட்கவில்லை உங்கள் மகள்.

இரண்டாவது, "டிரான்ஸ்ஃபர் ஆஸ் பெர் ரிசார்ட்". எனக்கு எரிச்சல் வந்தது இந்த வரியில்தான். விமானம் உங்களைத் தலைநகர் மாலேயில் இறக்கிவிடும். அங்கிருந்து தீவுக்கு வேகப் படகோ கடல் விமானமோ பிடிக்க வேண்டும். பக்கத்துத் தீவென்றால் படகு. தூரத் தீவென்றால் கடல் விமானம். போக வர ஒருவருக்கே சில நூறு டாலர் ஆகும். உங்கள் ரிசார்ட்டுக்கு எது, அந்தப் பணம் 78,000-க்குள் இருக்கிறதா என்று தாள் சொல்லவில்லை. இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது நீங்கள் மாலேயில் இறங்கும் நேரம்: கொழும்பு வழியாக, மாலை 5.10. கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து நீங்கள் வெளியே வருவதற்குள் அன்றைய கடைசி விமானம் போயிருக்கும். அப்படியானால் முதல் இரவு மாலேயில் ஏதோ ஒரு லாட்ஜில், உங்கள் காசில். ரிசார்ட்டிலோ அந்த இரவுக்கும் சேர்த்து வாங்கிவிட்டிருப்பார்கள்.

மூன்றாவது, "விசா சார்ஜ் தலைக்கு 2,500". இந்தியர்களுக்கு மாலத்தீவில் சுற்றுலா விசா, இறங்கிய இடத்திலேயே, இலவசம். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற அரசுத் தளத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அதற்கும் காசில்லை. இல்லாத செலவுக்குப் பத்தாயிரம் ரூபாய். அடித்துவிடச் சொல்லுங்கள்.

நான்காவது, தாளில் இல்லாதது. பசுமை வரி என்று ஒன்று உண்டு. 2025 ஜனவரியிலிருந்து ரிசார்ட்டுகளில் தலைக்கு நாளொன்றுக்கு 12 டாலர். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் விலக்கு. உங்கள் நால்வருக்கு மூன்று நாளுக்கு 144 டாலர். 12,000 ரூபாய்க்கு மேல். அறை வாடகையில் சேர்ந்திருக்கிறதா, கிளம்பும்போது கவுண்டரில் கேட்பார்களா?

மகன் விஷயம். "12 வயது வரை குழந்தை" என்பதும் "12 வயதுக்குள்" என்பதும் ஒன்றல்ல. ரிசார்ட்டுக்கு ரிசார்ட் இது மாறும். தங்கும் தேதியில் பாஸ்போர்ட்படி என்ன வயதோ அதுதான் கணக்கு. அவன் பிறந்த நாளைச் சொல்லி, ரிசார்ட்டின் குழந்தைக் கட்டண விதியை எழுத்தில் கேளுங்கள். கையோடு பிள்ளைகளின் பாஸ்போர்ட் தேதியையும் பார்த்துவிடுங்கள். சிறுவர்களுக்கு ஐந்து வருஷம்தான் தருவார்கள். கொரோனா முடிந்த கையோடு எடுத்ததென்றால் முடியும் நேரம்.

இப்போது அவருக்கு வாட்ஸப்பில் ஒரே ஒரு கேள்வி அனுப்புங்கள்: "மதுரை ஏர்போர்ட்டிலிருந்து மதுரை ஏர்போர்ட் வரை, இந்த 2,89,000-க்கு மேல் நாங்கள் கட்டாயமாகக் கட்ட வேண்டியது என்னென்ன? எந்தத் தேதிக்குள் ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பீர்கள்?" பதில் எழுத்தில் வரட்டும். பணம் கட்டுவதாக இருந்தால் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு, ஜி.எஸ்.டி. எண் போட்ட ரசீதோடு. அவருடைய சொந்த ஜி-பே எண்ணுக்கு வேண்டாம். ரிசார்ட் வெளிநாட்டில் இருக்கிறது. நாளை தகராறு வந்தால் நீங்கள் பிடிக்க முடிந்த ஒரே ஆள் இங்கே ரசீது கொடுத்தவர்தான்.

மே மாதத்தில் ஏன் விலை குறைகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. தினமும் மழை என்று இல்லை, ஆனால் விளம்பரப் படத்தில் உள்ள நீலக்கடல் எல்லா நாளும் கிடைக்காது. அந்தப் படங்கள் ஜனவரி, பிப்ரவரியில் எடுத்தவை.

ரிசார்ட்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் மாஃபுஷி போன்ற மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதிகள் இருக்கின்றன. மாலேயிலிருந்து படகில் போய்விடலாம். 50 அறைக்கு உட்பட்ட விடுதியில் பசுமை வரியும் 6 டாலர்தான். தெருவில் கடை உண்டு, டீ உண்டு. மது கிடையாது, நீச்சல் உடைக்குத் தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள். குடும்பத்தோடு போகிற நமக்கு இரண்டும் ஒரு குறையாகத் தெரியாது. மாசிக் கருவாடு சாப்பிடுகிற வீடு என்றால் கூடுதல் லாபம்; அது அந்த ஊர்ச் சரக்கு.

கேள்வி: அந்தமான் போனோம், ஐந்து பேர். ஹேவ்லாக் தீவில் இரண்டு இரவு என்று பேக்கேஜ். கடல் கொந்தளிப்பு என்று முதல் நாள் கப்பலை ரத்து செய்துவிட்டார்கள். போர்ட் பிளேரிலேயே தங்க வைத்து, அந்த அறைக்கு 9,000 ரூபாய் தனியாக வாங்கினார்கள். ஹேவ்லாக் அறைப் பணத்தைக் கேட்டால் "இயற்கைக்கு நாங்க என்ன சார் பண்ண முடியும்" என்கிறார்கள். ஏஜென்ட் சென்னையில் இருக்கிறார். டிக்கெட்டில் ஹேவ்லாக் என்ற பெயரே இல்லை, அதுவும் ஏமாற்றா?
— மேலூர் வாசகர்

பதில்: பெயரில் ஏமாற்று இல்லை. 2018 டிசம்பரில் ஹேவ்லாக் 'ஸ்வராஜ் த்வீப்' ஆயிற்று. 2024-ல் போர்ட் பிளேர் 'ஸ்ரீ விஜயபுரம்' ஆயிற்று. ஏஜென்டுகள் வாயில் பழைய பெயர், டிக்கெட்டில் புதுப் பெயர்.

இயற்கைக்கு அவர் பொறுப்பில்லை என்பது சரி. கப்பல் போகாததற்கு அவரிடம் நஷ்டஈடு கேட்டால் நிற்பது கடினம். ஆனால் உங்கள் கேள்வி அதுவல்லவே. நீங்கள் அனுபவிக்காத அறையின் பணம் யாரிடம் இருக்கிறது? ஹேவ்லாக் விடுதி அந்த இரவுக்குப் பணம் பிடித்ததா, இல்லை ஏஜென்டுக்கு விட்டுக்கொடுத்ததா? விடுதியின் ரசீதைக் கேளுங்கள். ரத்தான கப்பலின் டிக்கெட் பணமும் திரும்பியிருக்க வேண்டும். அது எங்கே என்றும் கேளுங்கள். இயற்கை கப்பலை நிறுத்தும், ரீஃபண்டை நிறுத்தாது. கணக்குக் காட்டாமல் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டார் என்றால் அது சேவைக் குறைபாடு.

சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபிறகு, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். செலுத்திய தொகை 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் 1915-க்கு ஒரு போன் போடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். பத்தாயிரம், இருபதாயிரம் விவகாரங்கள் பல அந்தக் கட்டத்திலேயே பணம் திரும்பி முடிந்திருக்கின்றன.

இனிமேல் அந்தமான் போகிறவர்கள் கடைசி இரவை ஸ்ரீ விஜயபுரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஹேவ்லாக்கில் கப்பல், மதியம் சென்னைக்கு விமானம் என்று யாராவது அட்டவணை போட்டுத் தந்தால் வாங்காதீர்கள். 2019-ல் நான் அப்படி வாங்கினேன். படகுத்துறையில் இட்லிப் பொடி டப்பாவோடு மூன்று மணி நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விமானம் என் தலைக்கு மேலேயே போயிருக்கும்.

கேள்வி: ராமேஸ்வரத்தில் "ஸீ வியூ" அறை என்று 1,500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தோம். பால்கனியில் இடது ஓரம் நின்று, கம்பியைப் பிடித்துச் சாய்ந்தால், தண்ணீர்த் தொட்டிக்கும் செல்போன் டவருக்கும் நடுவே கடல் தெரிகிறது. திரும்பி வந்துவிட்டோம். இப்போது கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், ஆனால் கை தளர்ந்துவிட்டது. அறைக்குள் நுழைந்த அந்த ஐந்து நிமிஷத்தில் கேட்டிருக்க வேண்டும். பால்கனியிலிருந்து படம், வரவேற்பு மேஜையில் எழுத்தில் புகார், புக் செய்த தளத்துக்கும் உடனே ஒரு செய்தி. இரண்டு இரவு தூங்கி எழுந்து, "நல்லா இருந்துச்சு" என்று ஐந்து நட்சத்திரமும் போட்டுவிட்டு (நீங்கள் போட்டிருக்கிறீர்கள், பார்த்தேன்) வந்தபின் கேட்டால் சிரிப்பார்கள். படம் இருந்தால் அந்த 1,500-ஐ மட்டும் கேட்டு மெயில் அனுப்புங்கள். அடுத்த முறை "வியூ" என்றால் சாய்ந்தா, நிமிர்ந்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஷாப்பிங் மாலில் ஒரு கூப்பன் எழுதிப் போட்டேன். பரிசு விழுந்திருக்கிறது, மனைவியோடு வரவேண்டும் என்று ஒரு ஸ்டார் ஹோட்டலுக்கு அழைத்தார்கள். மூன்று மணி நேரம் பேசினார்கள். பத்து வருஷ விடுமுறை மெம்பர்ஷிப், 2,60,000 ரூபாய். வருஷா வருஷம் ஏழு நாள், அந்தமான், கோவா, மாலத்தீவு எங்கே வேண்டுமானாலும். 40,000 கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டேன், மீதி இ.எம்.ஐ. நாலு நாள் ஆகிறது. மனைவி பேசுவதில்லை.
— மதுரை அண்ணா நகர்

பதில்: உங்கள் வீட்டம்மா பேசாததற்கு என்னிடம் மருந்தில்லை. பணத்துக்கு ஒரு வழி இருக்கலாம், ஆனால் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஒப்பந்தத்தை எடுங்கள். ரத்து பற்றிய பத்தி கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும். பல நிறுவனங்கள் கையெழுத்திட்ட சில நாட்களுக்குள் ரத்து செய்தால் பணம் திரும்பும் என்று எழுதியிருப்பார்கள். அன்று அந்த மண்டபத்தில் அதைப் பற்றி யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். நாள் கணக்கு இருந்தால் இன்றைக்கே மெயில் அனுப்புங்கள். அதன் நகலை ஸ்பீடு போஸ்ட்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடும் அனுப்புங்கள். போனில் "பார்க்கலாம் சார், மேனேஜர் கூப்பிடுவார்" என்பார்கள். மேனேஜர் நாள் கெடு முடிந்த மறுநாள் கூப்பிடுவார். வங்கிக்கும் எழுதுங்கள்: கார்டுத் தொகையை ஆட்சேபிக்கிறேன், இ.எம்.ஐ. அனுமதியை நிறுத்துங்கள் என்று.

அப்படிப் பத்தியே இல்லை, "எக்காரணம் கொண்டும் பணம் திரும்பாது" என்று மட்டும் இருந்தால்? அந்த வாக்கியத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஒரு தரப்புக்கு மட்டும் சாதகமாக எழுதிய முறையற்ற ஒப்பந்தத்தை எதிர்க்கச் சட்டத்தில் இடம் உண்டு. அந்த ஒப்பந்தத்தையே ரத்து செய்யக் கேட்பதென்றால் மாநில ஆணையம்தான். அதற்கு மதுரையிலேயே அமர்வு இருக்கிறது. பொய் வாக்குறுதி, சேவைக் குறைபாடு என்று போவதென்றால் மாவட்ட ஆணையம் போதும். "தகராறு டெல்லியில் மட்டுமே" என்ற வரியும் உங்களைத் தடுக்காது.

மெம்பர்ஷிப்பை வைத்துக்கொள்ளலாமா என்று மனம் ஊசலாடினால், அதே ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களைப் படியுங்கள். ஒன்று, வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம்: நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டியது, வருஷத்துக்கு வருஷம் ஏறும். இரண்டு, உங்கள் மெம்பர்ஷிப்பின் சீசன் நிறம், அதாவது எந்தெந்த நாட்களில் போகலாம் என்று பிரித்துக் காட்டும் நிறம். மலிவான நிறம் என்றால் மே விடுமுறையும் தீபாவளியும் உங்களுக்குக் கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளை வைத்திருப்பவர் ஆகஸ்ட் செவ்வாய்க்கிழமை அந்தமானுக்குப் போய் என்ன செய்வது? மாலத்தீவு என்ற சொல் ஒப்பந்தத்தில் எங்காவது வருகிறதா என்றும் தேடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு டூருக்கு ஜி.எஸ்.டி. போக டி.சி.எஸ். என்று தனியாகப் பிடித்தார்கள். அது போன பணமா?
— உசிலம்பட்டி

பதில்: இல்லை. டி.சி.எஸ். என்பது ஏஜென்ட் உங்களிடம் முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி; உங்கள் வருமான வரிக் கணக்கில் வரவாக நிற்கும். டூர் ஏஜென்டின் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான் போனது போனதுதான். டி.சி.எஸ். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது. எந்த விகிதமானாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், வரி கட்ட வேண்டியதில்லை என்றால் ரீஃபண்டாக வாங்கலாம். உங்கள் பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏ.எஸ்.-ல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். ரசீதில் யாருடைய பான் எண் போட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். பணம் கொடுத்தது நீங்கள், கொடுத்த பான் உங்கள் மாமனாருடையது என்றால், ரீஃபண்ட் அவர் கணக்குக்குத்தான் போகும்.