திருமணமான பெண்கள் வேலைக்குப் போவதைக் கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்ததா?

பாவம் என்று தடுக்கவில்லை. ஆனால் நெடுங்காலம் விரும்பவில்லை. பெண் இயல்பாகவே வீட்டுப் பணிக்கு உரியவள் என்று 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ எழுதினார். 1931இல் பதினோராம் பயஸ், தந்தையின் கூலி போதாமல் தாய்மார்கள் வெளியே உழைக்க நேர்வதைக் கண்டித்தார். குடும்பத்துக்குப் போதுமான கூலியை முதலாளிகளிடம் கேட்டதும் இதே வாதம்தான் என்பது பலர் கவனிக்காத செய்தி.

இதன் தாக்கத்தை, கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் அயர்லாந்தில் தெளிவாகக் காணலாம். பொருளாதார நெருக்கடியால் தாய்மார்கள் வீட்டுக் கடமையைப் புறக்கணித்து வேலைக்குச் செல்லும் நிலை வரக்கூடாது என்று 1937ஆம் ஆண்டின் அரசியலமைப்பு கூறுகிறது. அரசுப் பணியிலிருந்த பெண் மணமானதும் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு விலக வேண்டியிருந்தது. 1973இல்தான் அவ்விதி நீங்கியது. கத்தோலிக்கர் சிறுபான்மையாக உள்ள பிரிட்டனிலும் அத்தகைய விதி இருந்ததால், பழியை மதத்தின்மேல் மட்டும் போடுவது சரியன்று. 1995இல் இரண்டாம் ஜான் பால், சம வேலைக்குச் சம ஊதியமும் பணிபுரியும் தாய்மாருக்குப் பாதுகாப்பும் வேண்டும் என்றார்.